இரண்டாவது பிரேக்

தட்!

கதவைத் தள்ளியதும் முதலில் கேட்டது அந்தச் சத்தம்தான். இரும்புத் தகட்டை யாரோ ஓங்கி மிதித்தது போல இருந்தது. என் கையிலிருந்த பெட்டி நழுவி, நூறு பட அட்டைகளும் அறை முழுக்கச் சிதறின.

பட்டப்பகல். காலை பதினொரு மணி. ஜன்னல் வெயில் கட்டிலின் மேல் நீளமாக விழுந்திருந்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒரு பக்கம் மழித்த தலை. காதுக்கு மேலே குதிரை லாடம் போல ஒரு பழைய தழும்பு. முகமெல்லாம் வியர்வை. உதட்டில் மட்டும் சிரிப்பு.

“மன்னிச்சுக்கங்க மேடம். பிரேக் போட்டுட்டேன்.”

அட்டைகளைப் பொறுக்க ஓடிவந்த பெண் அவருடைய மகள். இருபத்தாறு வயதிருக்கும். தூக்கம் பார்க்காத கண்கள்.

“வலிப்பு மேடம். ஒரு நாளைக்கு நாலு தடவை வருது. முடியும்போது கால் இப்படித்தான் கட்டிலை உதைக்கும்.”

“உதை இல்ல பாப்பா, பிரேக். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் கால் வேற எதை மிதிக்கும்?”

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டுகிறவரின் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்காரும் மாஸ்டரின் காலடியில். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் காரிலேயே ஒரு விபத்து. மனைவி அதே இடத்தில் போய்விட்டாள். அவருக்கு மண்டையைத் திறந்து ரத்தக்கட்டு எடுத்தார்கள். அதன் பிறகு அவர் காரில் ஏறவே இல்லை. கரும்பலகையில் பொம்மைக் கார்களை ஒட்டிச் சாலை விதிகளை மட்டும் சொல்லிக்கொடுத்தார். வார்டில் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’.

நான் மூளை அறுவைப் பிரிவின் பேச்சுப் பயிற்சியாளர். எப்போதும் பெட்டியும் கையுமாக அலைவதால் என்னை ‘அட்டை மேடம்’ என்பார்கள். அதைச் சொன்னேன்.

“ரத்தம் உறிஞ்ச மாட்டீங்களே?” என்றார் மாஸ்டர்.

“உங்க பேச்சை மட்டும்தான் உறிஞ்சுவேன் சார்.”

மகள்கூடச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் வார்டு ஆயா துடைப்பத்தோடு உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினாள்.

“யாரும்மா ஆரஞ்சு உரிச்சது? தோலை எங்க போட்டீங்க? நாளைக்கு எறும்பு வந்தா என்னைத்தான் கேப்பாங்க.”

“யாரும் உரிக்கலையே, ஆயா” என்றாள் மகள்.

“அப்போ எனக்கு மூக்கு கெட்டுப்போச்சா? நல்லாச் சொன்னியே!”

ஆயாவின் மூக்கு கெட்டுப்போகவில்லை. எனக்கும் வந்தது. அப்போதுதான் நகம் பதித்துப் பிளந்த ஆரஞ்சுத் தோலின் காரமான மணம். மாஸ்டரின் சிரிப்பு மெதுவாக அணைந்தது. அவர் கால்மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால்மாட்டுத் தகட்டில், உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது.

மறுநாள் பெரிய டாக்டரின் அறையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். மூளையின் இடது பக்கம், பழைய தழும்புக்கு நேர் கீழே, எலுமிச்சை அளவில் ஒரு வெள்ளைக் கட்டி.

“முப்பது வருஷத்துல இது எனக்கு ரெண்டாவது கேஸ்” என்றார் பெரிய டாக்டர். “மூளையை மூடியிருக்கிற உறையை அப்போ வெட்டித் தைச்சாங்கல்ல, அந்தத் தையல்லேருந்துதான் முளைச்சிருக்கு. இது வேற இடத்துக்குப் பரவாது. ஆனா இருக்கிற இடத்தை விட்டும் வைக்காது. ஆறின புண்ணு, ஆறினது போதும்னு நிறுத்த மறந்துடுச்சு. தழும்பு வளர்ந்துக்கிட்டே போகுது.”

“என் தழும்புக்கு பிரேக் பிடிக்கலைன்னு சொல்லுங்க” என்றார் மாஸ்டர்.

டாக்டர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

“பேச்சுக்கான பகுதியோட ஒட்டிக்கிட்டிருக்கு. அதனால உங்களை முழிக்க வெச்சு, பேச வெச்சுத்தான் ஆபரேஷன் பண்ணணும். பத்து நாளுக்குள்ள எடுத்தாகணும்.”

“ஒரு மாசம் போகட்டும் டாக்டர்.”

“எதுக்கு?”

“கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு.”

என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. மகள் கேட்டாள், திட்டினாள், கெஞ்சினாள். அவர் வாய் திறக்கவில்லை.

என்னிடம் சொன்னார்.

அன்று மதியம், மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். குடை, சீப்பு, ஏணி, கடிகாரம். தடையில்லாமல் சொல்கிற படங்களை மட்டும் வைத்துக்கொள்வேன். இங்கே ஒரு முறை தடுமாறிய படத்தை ஆபரேஷன் மேஜைக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கே அவர் தடுமாறினால் அதற்குக் காரணம் டாக்டரின் கை மட்டும்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவர் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். பூட்டு. வாளி. பொத்தான்.

அடுத்த அட்டைக்கு அவர் பதில் சொல்லவில்லை. கண்கள் என் தலைக்குப் பின்னால் எங்கேயோ நிலைத்தன. உதடுகள் எதையோ மெல்லுவது போல அசைந்தன. ஆரஞ்சு மணம் எழுந்தது.

வலிப்பு. அரை நிமிடம் இருக்கும்.

தட்!

மாஸ்டர் கண் சிமிட்டினார். திரும்பி வந்துவிட்டார்.

நான் அவருடைய கால்களைப் பார்த்தேன். இரண்டும் மடிந்து, அவருக்குக் கீழேயே இருந்தன. சம்மணம் கலையவே இல்லை.

ஏதாவது ஒரு கணத்தில் நீட்டி மடக்கியிருப்பார், நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கவனித்திருக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“பாலம் தாண்டிட்டோம்” என்றார் மாஸ்டர்.

“எந்தப் பாலம்?”

அவர் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க. பைத்தியம்னு நினைச்சுக்கும். ரெண்டு மாசம் முன்னாடி முதல் தடவை வந்தப்போ, வண்டி எங்க தெருவை விட்டுத்தான் கிளம்புச்சு. முன்கண்ணாடி தெரியும். ரோடு தெரியும். திரும்பிப் பார்க்க முடியாது, ஆனா பக்கத்துல அவ இருக்கா. ஆரஞ்சு வாசனை. அவ குரல். ‘மெதுவா… மெதுவா’ன்னு சொல்லிக்கிட்டே வர்றா. நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பாடம் ஒப்பிக்கிறா. கொஞ்ச தூரம் போனதும் தட்டுன்னு பிரேக். வண்டி நின்னுடும். நான் இங்க வந்துடுவேன்.”

“அப்புறம்?”

“அடுத்த வலிப்புல, விட்ட இடத்துலேருந்து கிளம்பும்.”

மின்விசிறி கடகடத்தது.

“அது அந்தக் கடைசி நாள் மேடம். எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டது வரைக்கும்தான் இருக்கு. இப்போ ஒவ்வொரு தெருவா அவ திருப்பிக் காட்டறா. நடுவுல எனக்கு ஒரு சுளை ஊட்டறா, தெரியுமா? இத்தனை மாசம் சொல்லிக்கொடுத்தும், ஓட்டும்போது ஸ்டீயரிங்லேருந்து ஒரு கையை எடுக்கறா பாருங்க!” சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “இன்னும் ரெண்டு திருப்பம்தான். அங்கதான் லாரி.”

“அங்க போய் என்ன தெரியணும் சார்?”

“என் கால் எங்க இருந்ததுன்னு தெரியணும்.”

அவர் தன் வலது பாதத்தை எடுத்து, வேறு யாருடையதோ போல உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“ஓட்டறவங்க தப்பு பண்ணத்தான் செய்வாங்க. அதுக்குத்தானே நம்மகிட்ட வர்றாங்க. எங்க தொழில்ல தப்பு எப்பவுமே பிரேக் பக்கம் உக்காந்திருக்கிறவனோடது. அவ ஓட்டினா. நான் பக்கத்துல இருந்தேன். மிதிச்சேனா, வேடிக்கை பார்த்தேனா? பன்னிரண்டு வருஷமா இந்த ஒரு கேள்வியோடதான் படுத்து எழுந்திருக்கேன். இப்போ போய் டாக்டர் இதை வெட்டிட்டார்னா, அவளும் போயிடுவா, பதிலும் போயிடும்.”

அட்டைகளை அடுக்கினேன். அவர் தடுமாறிய அந்தப் படத்தைத் தனியே எடுத்தேன். கார் படம்.

லிஃப்டுக்குப் பக்கத்து நாற்காலியில் மகள் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அவர் அம்மாவைப் பத்தித்தானே பேசினார்? எனக்குத் தெரியும் மேடம். வலிப்புல அவர் உதடு அசையறதைப் பார்த்தே தெரிஞ்சுக்குவேன்.”

“நீ அன்னிக்கு வண்டியில இருந்தியா?”

“பின் சீட்டுல. பதினாலு வயசு. தோள் எலும்பு மட்டும் உடைஞ்சது. அப்பா பத்தொன்பது நாள் கழிச்சுக் கண் முழிச்சார். முழிச்சதும் முதல் கேள்வி, ‘யார் ஓட்டினா?’ன்னு. ‘அம்மா’ன்னு நான்தான் சொன்னேன். அப்போ அம்மா கத்துக்கிட்டிருந்தாங்க. அதனால மேல எதுவும் கேக்கலை.” பையின் காதை முறுக்கினாள். “அன்னையிலேருந்து அவர் காரைத் தொடலை. எனக்கு மிச்சம் இருக்கிறது அவர் ஒருத்தர்தான் மேடம். எப்படியாவது சம்மதிக்க வைங்க.”

அவள் என்னைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. லிஃப்டின் எண்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நான்காவது நாள் மாஸ்டருக்கு அட்டையின் வலது பாதி தெரியவில்லை. ஏணியில் ஒரு கால்தான் இருக்கிறது என்றார். கட்டிலை விட்டு இறங்கியபோது சுவரில் மோதினார். பெரிய டாக்டர் வந்து விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். வெளியே வந்ததும் என்னிடம் மட்டும் சொன்னார்.

“மூணு நாள். அதுக்கு மேல போனா மூச்சு நின்னுடும்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கால்மாட்டில் குழி இன்னும் ஆழமாகியிருந்தது.

“இப்போ எங்க இருக்கீங்க சார்?”

“கடைசித் திருப்பத்துக்கு முன்னாடி. அங்கயே நிக்குது மேடம். ரெண்டு நாளா. கிளம்புறதுக்குள்ள பிரேக். கிளம்புறதுக்குள்ள பிரேக். நானேதான் மிதிக்கிறேன் போல. மனசு பயப்படுது.”

எப்படி எனக்கு அந்த யோசனை வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“ஆபரேஷன்ல டாக்டர் ஒரு சின்ன மின்முனையால மூளையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். எது பேச்சுக்கான இடம்னு கண்டுபிடிக்க. கட்டிக்குப் பக்கத்துல தொட்டா, அந்த வண்டி தானாவே கிளம்பும். நீங்க முழிச்சிருப்பீங்க. பார்க்கலாம்.”

அவர் என் கையைப் பிடித்தார். சில்லென்றிருந்தது.

“நடுவுல நீங்க நிறுத்தச் சொல்லிட்டா?”

“மாட்டேன்.”

“அஞ்சு விநாடி. எனக்கு அது போதும். அஞ்சு விநாடி வாயைத் திறக்காம இருப்பீங்களா?”

“இருப்பேன் சார்.”

பொய்தான். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்குவதற்காகச் சொன்ன பொய். என் வேலையே நிறுத்தச் சொல்வதுதான். நான் ‘சரி’ என்றால் டாக்டர் மேலே போவார். நான் ‘நின்னது’ என்றால் அந்த இடத்தில் கடுகளவு எண் சீட்டு ஒன்றை ஒட்டிவிட்டு, அதைத் தொடாமல் விலகிப் போவார். மண்டைக்குள் டாக்டருக்குக் கண் இருக்கிறது. காது நான்தான்.

மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். மகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆபரேஷன் அறையில் எனக்கென்று ஒரு கூடாரம் உண்டு. நோயாளியின் தலையை இடுக்கியில் அசையாமல் பிணைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைத் தூக்கிக் கட்டுவார்கள். துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர், திறந்த மண்டை, வெளிச்சம். இந்தப் பக்கம் இரண்டு முகங்கள்தான். நோயாளியும் நானும். ஒரு முழ தூரம்.

கைகள் இரண்டும் முன்னால் தளர்வாக விடப்பட்டிருந்தன. கால்களைத் தொடையிலும் கணுக்காலிலும் பட்டை போட்டு இறுக்கியிருந்தார்கள். அதை நானே சரிபார்த்தேன்.

மயக்கம் தெளிய வைத்தார்கள். மாஸ்டர் கண்ணைத் திறந்தார்.

“அட்டை மேடம்… வந்துட்டீங்களா.”

“வந்துட்டேன் சார். இது என்ன?”

“குடை.”

“சரி” என்றேன் உரக்க. துணிக்கு அந்தப் பக்கம் கருவிகள் கிணுங்கின.

“இது?”

“சீப்பு.”

“சரி.”

“இது?”

“பூ… பூ…” கண்கள் தவித்தன.

“நின்னது!”

“ஒண்ணு வை” என்றார் பெரிய டாக்டர். ஒரு சீட்டு ஒட்டப்பட்டது. மாஸ்டரின் பேச்சு உடனே திரும்பியது. “பூட்டு மேடம். எனக்குத் தெரியும், வாய்தான் வரலை.”

இப்படியே முக்கால் மணி நேரம். ஆறு சீட்டுகள். கட்டியில் பாதிக்கு மேல் வந்துவிட்டது என்றார் டாக்டர். நான் கடிகாரப் படத்தைத் தூக்கிப் பிடித்தேன்.

“இது என்ன சார்?”

“ஆரஞ்சு.”

முகக்கவசத்துக்குள், மருந்து நெடியையும் மீறி, அந்த மணம்.

“கிளம்பிடுச்சு” என்று கிசுகிசுத்தார்.

தட்!

கால்மாட்டிலிருந்து. நர்ஸ் ஒருத்தி “அம்மா!” என்று பின்வாங்கியது கேட்டது. “யார் மேஜையை இடிச்சது?” என்றார் டாக்டர் எரிச்சலாக.

வண்டி நிற்கவில்லை. மின்முனை அங்கேயே இருந்தது.

மாஸ்டரின் இரண்டு கைகளும் மெல்ல எழுந்தன. விரல்கள் வளைந்து, ஏதோ வட்டமான ஒன்றைப் பிடித்துக்கொண்டன. ஆரஞ்சு என்று முதலில் நினைத்தேன். இல்லை. அதைவிடப் பெரியது. கைகளுக்கு நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்கு இடைவெளி இருந்தது.

“திருப்பம்…”

தட்! தட்!

“என்ன சத்தம் அது?”

தட்! தட்! தட்!

ஒரு கால் மிதித்தது. மிதித்து மிதித்துப் பார்த்தது. பிரேக் பிடிக்காத வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் எப்படி மிதிப்பாரோ, அப்படி. குனிந்து துணிக்குக் கீழே பார்த்தேன். பட்டைகளுக்குள் மாஸ்டரின் இரண்டு பாதங்களும் தூங்குகிற பாதங்கள் போல அசையாமல் கிடந்தன.

மாஸ்டரின் பார்வை கீழே இறங்கியது. தன் கைகளைப் பார்த்தார். கண்கள் விரிந்தன.

“மேடம்… இது என்… என்…”

பேச்சு நின்றது.

‘நின்னது’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனியில் இருந்தது. பதினெட்டு வருடத்தில் ஆயிரம் முறை சொன்ன வார்த்தை.

“மேடம்? சரியா?” துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை கெஞ்சியது.

அஞ்சு விநாடி.

“சரி” என்றேன்.

ஒன்று. இரண்டு. அவருடைய கைகள் சட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பின. மூன்று. கால்மாட்டில் சத்தம் இடைவிடாமல் அதிர்ந்தது. நான்கு. அவருடைய வாய் ஓசையில்லாமல் ஒரு பெயரைச் சொன்னது. அவள் பெயராகத்தான் இருக்கும்.

ஐந்து.

சத்தம் நின்றது.

மாஸ்டரின் இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு, மூக்கைத் தாண்டி, துணியில் விழுந்தது. பிறகு முகம் கோணியது.

“நின்னது! நின்னது டாக்டர்!”

“வலிப்பு! மூளை மேல ஐஸ் தண்ணி ஊத்துங்க, சீக்கிரம்!”

ஊற்றினார்கள். அடங்கியது. ஆனால் அந்த ஐந்து விநாடியில் டாக்டரின் கை என் சொல்லை நம்பி அந்த இடத்தையும் வெட்டியிருந்தது.

மாஸ்டர் பிழைத்துக்கொண்டார். கட்டி முழுசாக வந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. வலது கையும் வலது காலும் துணி போலத் தொங்கின. “எப்படியும் நூல் அளவுதான் இடைவெளி இருந்துச்சு, உங்க மேல தப்பு இல்ல” என்றார் பெரிய டாக்டர். நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு என்னிடம் எதுவும் பேசவில்லை.

மகளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பதினோராம் நாள் காலை, அதே பதினொரு மணி, அதே வெயில். அட்டைப் பெட்டியோடு போனேன். மாஸ்டரைச் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தார்கள். கட்டில் காலி. புது விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. மகள் அவருடைய வலது காலைத் தன் மடியில் வைத்து, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வலிப்பு வரவே இல்ல மேடம்” என்றாள். “ஒண்ணுகூட. ஆனா என்னையே பார்த்துக்கிட்டிருக்கார். நாள் பூரா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

நான் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தேன். குடை. உதடு திறந்து மூடியது. சீப்பு. ஒன்றுமில்லை. அவர் பொறுமையிழந்து தன் இடது கையால் பெட்டிக்குள் துழாவினார். அடியில் கிடந்த ஒரு அட்டையை உருவினார். நான் தனியே எடுத்து வைத்த அட்டை. அது எப்படி அங்கே வந்தது என்று தெரியவில்லை.

கார் படம்.

அதை மகளின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பிறகு மடியில் வைத்து, ஒரு விரலால் ஸ்டீயரிங் இருக்கும் இடத்தைத் தொட்டார். அதே விரலால் தன் நெஞ்சைத் தொட்டார்.

ஸ்டீயரிங். நெஞ்சு.

தன் தொழிலைச் சொல்கிறார் என்று நினைத்தேன். “ஆமா சார், மாஸ்டர், நீங்க மாஸ்டர்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

மறுபடியும் ஸ்டீயரிங். நெஞ்சு.

மகளின் கையிலிருந்து எண்ணெய்க் கிண்ணம் விழுந்து உருண்டது. அவள் முகம் வெளுத்துப் போனது.

“அப்பா…” என்றாள். “உங்களுக்கு… அப்பா, நான் உங்களைக் காப்பாத்தத்தான்… எனக்கு அப்போ பதினாலு வயசுப்பா…”

மாஸ்டர் அட்டையைக் கீழே போட்டார். இடது கையை மெல்லத் தூக்கி மகளின் தலையில் வைத்தார். அடிக்கவில்லை. தள்ளவில்லை. தடவினார். சின்னக் குழந்தையின் தலையைத் தடவுவது போல, திரும்பத் திரும்ப. வாய் கோணி, சத்தமே வராமல் அவர் அழுதார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன்.

அப்போது ஆரஞ்சு மணம் வந்தது.

தட்!

காலிக் கட்டிலிலிருந்து.

விரிப்பு அசையவில்லை. கால்மாட்டுத் தகடு மட்டும் ஒரு நொடி நடுங்கி அடங்கியது. நடுங்கியதில் குழிக்குள்ளிருந்து ஒரு துளி பெயின்ட் உதிர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். மாஸ்டரின் வலது கால் இன்னும் மகளின் மடியில்தான் கிடந்தது. இடது கால் நாற்காலியின் மிதியில்.

“கால்…” என்று உளறினேன். “அவர் கால் இங்க இருக்கே. அப்போ அது யாரு…”

மகள் பயப்படவில்லை. அப்பாவின் பாதத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, காலிக் கட்டிலைப் பார்த்தபடி, பன்னிரண்டு வருடமாக விழுங்கி வைத்திருந்ததைச் சொன்னாள்.

“அன்னிக்கு வண்டியை ஓட்டினது அப்பா, மேடம். பிரேக் பக்கம் உக்காந்திருந்தது அம்மா.”